தலையாட்டும் சிவப்பு மாடு: ஜப்பானின் காகிதப் பொம்மையை வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் வடகிழக்கே ஃபுகுஷிமா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஐசு என்றொரு வட்டாரம் இருக்கிறது. அங்கே ரயில் நிலையத்திலும் கடைவாசல்களிலும் ஒரு சிவப்பு மாட்டைப் பார்க்கலாம். விரல் லேசாகப் பட்டால் போதும், தலை மேலும் கீழும் அசைந்து, பக்கவாட்டில் ஒரு வளையம் போட்டு, நிதானமாக அடங்கும். அதன் பெயர் அகாபெகோ. 'அகா' என்றால் சிவப்பு. 'பெகோ' என்பது அந்த வட்டாரப் பேச்சில் மாடு.

இந்த மாடு மரமோ மண்ணோ அல்ல, வெறும் காகிதம். உள்ளே ஒன்றுமில்லாத கூடு. காகிதத்தை அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் அச்சை உருவிவிடுகிற இந்த முறைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஹரிகோ. 'ஹரு' என்றால் ஒட்டுவது. நாய், புலி, விழுந்தாலும் எழும் தருமா என்று அந்த நாட்டின் நாட்டுப்புறப் பொம்மைகளில் பெரிய கூட்டமே இந்த முறையில் பிறந்ததுதான். அதில் அகாபெகோவை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் அந்தத் தலையாட்டம். காகிதத்தின் கனம், கழுத்துத் துளையின் அகலம், நூலின் நீளம், வண்ணத்தின் எடை எல்லாமே கடைசியில் அந்த ஆட்டத்தில்தான் வந்து சேரும். அதனால் இந்த வழிகாட்டியைப் படிக்கும்போது எந்தப் படியிலும் கழுத்தை மறக்காதீர்கள்.

மாட்டின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐசுவின் யானைசு என்ற ஊரில், ஆற்றங்கரைப் பாறை மேல் என்சோஜி என்ற புத்தர் கோயில் இருக்கிறது. 807இல் தொகுயிட்சு என்ற துறவி நிறுவியதாகச் சொல்லப்படும் கோயில். கட்டுமான மரங்களை மேலே இழுக்க முடியாமல் மாடுகள் சோர்ந்து நின்றபோது எங்கிருந்தோ சிவப்பு மாடுகள் வந்து இழுத்துக் கொடுத்தன என்பது கதை. சிலர் அதை முதல் கட்டுமானத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். சிலர் 1611ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு கோயிலைத் திரும்பக் கட்டியபோது நடந்தது என்பார்கள். காகிதப் பொம்மைக் கலை அங்கே வந்த விதத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. 1590இல் ஐசுவைப் பெற்ற காமோ உஜிசாதோ என்ற பிரபு, கியோத்தோவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, வருமானம் குறைந்த சாமுராய்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க வைத்தார் என்கிறார்கள். 1961ஆம் ஆண்டுக்கான புத்தாண்டு அஞ்சல்தலையில் இடம்பிடித்த பிறகு இந்த மாடு ஜப்பான் முழுவதும் தெரிந்த முகமாகிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

தேவையானவை

அச்சுக்குக் களிமண், பழைய செய்தித்தாள், மெல்லிய வெள்ளைக் காகிதம் கொஞ்சம், மைதா, ஃபெவிகால், சாக்குப் பொடி, நைஸான உப்புத்தாள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை அக்ரிலிக் வண்ணம், கூரான கட்டர், மெழுகு தேய்த்த உறுதியான நூல், இரண்டு மூன்று இரும்பு நட்டுகள், எம்-சீல். மொத்தம் ஒரு வாரம் ஒதுக்குங்கள். கை வேலை ஐந்தாறு மணி நேரம்தான். மீதி எல்லாம் காயும் நேரம்.

அச்சு

நம் ஊரில் கொலு பொம்மை செய்பவர்கள் காகிதக் கூழை அச்சுக்குள்ளே வைத்து அழுத்தி எடுப்பார்கள். அச்சின் உட்புறத்தில் இருக்கும் ஒவ்வொரு கோடும் பொம்மையின் மேல் அப்படியே விழும். ஹரிகோவில் இது நேர் எதிர். அச்சு உள்ளே இருக்கும், காகிதம் வெளியே படியும். ஒவ்வொரு அடுக்குக்கும் உருவம் கொஞ்சம் மழுங்கிக்கொண்டே வரும். அச்சில் அழகாகச் செதுக்கிய கண்ணிமை ஐந்தாவது அடுக்கில் காணாமல் போய்விடும். ஜப்பானியக் காகிதப் பொம்மைகள் உருண்டு திரண்டு, நுணுக்கம் குறைந்து இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். மூக்கு, காது, கொம்பு எதுவானாலும் அச்சில் தேவைக்கு மேல் கொஞ்சம் மிகையாக வையுங்கள். சின்னச் சின்ன வேலைப்பாட்டைத் தூரிகைக்கு விட்டுவிடுங்கள்.

அங்கே அச்சு மரத்தில் செதுக்கப்படும். கொரியாமா நகரின் தகாஷிபா பகுதியில் 'தெகோ யாஷிகி' என்று அழைக்கப்படும் பொம்மைக் குடும்பங்களின் சிற்றூர் இருக்கிறது. 'தெகோ' என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் பொம்மை. முன்னோர் எடோ காலத்தில் (1603–1868) செதுக்கிய மர அச்சுகளை அங்கே இன்னும் பயன்படுத்துகிறார்கள். நமக்குக் களிமண் போதும்.

இரண்டு அச்சுகள் வேண்டும். ஒன்று உடல்: 12 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், காலோடு சேர்த்து 8 செ.மீ. உயரம். நான்கு கால்களும் குட்டையாக, கீழே போகப்போகச் சற்றுக் குறுகலாக இருக்கட்டும். அப்போதுதான் காகிதக் கூடு சிக்காமல் கழன்று வரும். முன்னங்கால்களை நெஞ்சுப் பகுதிக்கு நேர் கீழேயே வையுங்கள். தலை முழுவதும் உடலின் முன் விளிம்பில் தொங்கப் போகிறது, கால் பின்னுக்குத் தள்ளி இருந்தால் மாடு மூக்குக் குப்புற விழும். இன்னொன்று தலை: முகமும், அதன் பின்னால் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு கட்டைவிரல் கனமுள்ள கழுத்தும் சேர்ந்த ஒரே துண்டு.

அச்சு நிழலில் மூன்று நாள் காயட்டும். வெடிப்பு விழுந்தால் ஈரக் களிமண் பூசி மூடிவிடலாம். நன்றாகக் காய்ந்ததும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து மேற்பரப்பு முழுவதையும் மூடுங்கள்.

காகிதமும் பசையும்

ஜப்பானில் இதற்கு வாஷி என்ற கைக்காகிதம். கோசோ என்ற செடியின் பட்டையிலிருந்து எடுக்கும் நீளமான நார்களால் ஆனது. நனைந்தாலும் கிழியாமல் அச்சின் வளைவோடு வளைந்துபோகும் குணம் அந்த நார்களால் வருகிறது. எடோ காலத்து நகரங்களில் எழுதித் தீர்ந்த கணக்குப் புத்தகங்களைக்கூடப் பொம்மைக்காரர்கள் பயன்படுத்தினார்கள். அதனால் நாம் செய்தித்தாளை எடுப்பதில் ஒரு குறையும் இல்லை.

செய்தித்தாளின் நார் குட்டை, அதை ஈடுகட்ட அடுக்கைக் கூட்ட வேண்டும். ஆறு அடுக்கு வையுங்கள். காகிதத்தைக் கத்தரிக்காதீர்கள், கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம் பஞ்சு போல மெலிந்திருக்கும், ஒன்றன் மேல் ஒன்று படியும்போது விளிம்பு தெரியாது. செய்தித்தாள் ஒரு பக்கமாக நேராகக் கிழியும், மறுபக்கமாகக் கோணல் மாணலாகக் கிழியும். நேராகக் கிழியும் திசைதான் நார் ஓடும் திசை. ஓர் அடுக்கை நீளவாக்கில் ஒட்டினால் அடுத்ததைக் குறுக்குவாக்கில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் காயும்போது கூடு ஒரே பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

பசைக்குக் கால் கப் மைதாவை ஒன்றேகால் கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கிவிடலாம். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இது குழந்தை கையில் எடுக்கப்போகும் பொம்மை, துத்தம் வேண்டவே வேண்டாம். ஒரு ஸ்பூன் உப்பு சேர்த்து, அன்றைக்குக் காய்ச்சிய பசையை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

ஒட்டும் முறை

முதல் அடுக்குக்குப் பசை கிடையாது. தண்ணீரில் நனைத்த காகிதத்தை மட்டும் அச்சு முழுவதும் போர்த்துங்கள். இந்த ஈர அடுக்குதான் அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவே திரை மாதிரி நிற்கும். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பசையோடு ஒட்டினால் கடைசியில் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் ஒரு முறை அப்படி நல்ல அச்சு ஒன்றை இழந்திருக்கிறேன்.

இரண்டாவது அடுக்கிலிருந்து இரு பக்கமும் பசை தடவிய துண்டுகளை ஒட்டுங்கள். துண்டுகள் தபால்தலை அளவிலிருந்து இரண்டு விரல் அகலம் வரை போதும். பெரிய துண்டு சுருக்கம் விழும். ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஓர் அடுக்கை அச்சடித்த தாளிலும் அடுத்ததை வெள்ளைத் தாளிலும் மாற்றி மாற்றி ஒட்டினால் எந்த இடம் விடுபட்டது என்று கண்ணுக்கே தெரியும். கடைசி அடுக்கு வெள்ளையாக இருக்கட்டும்.

உடலுக்கு ஆறு அடுக்கு. தலைக்கு நான்கே நான்கு. தலை எவ்வளவு இலேசோ அவ்வளவு எளிதாக ஆடும்.

மூன்று அடுக்கு முடிந்ததும் ஒரு நாள் காயவிட்டு, பிறகு மீதியை ஒட்டுவது நல்லது. ஆறையும் ஒரே மூச்சில் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், நாலு நாளில் பூஞ்சை நாற்றம் அடிக்கும். தருமா பொம்மைக்குப் பேர்போன தகசாகி நகரில் குளிர்காலத்தில் மலையிலிருந்து வறண்ட காற்று வீசும், பொம்மை காய்வதற்கு அது பெரிய உதவி. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மின்விசிறியின் கீழே வைத்து, தினமும் திருப்பி விடுங்கள். சுள்ளென்ற வெயிலில் முதலிலேயே வைத்தால் கூடு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். விரலால் தட்டினால் 'டொக் டொக்' என்று வறண்ட சத்தம் வரவேண்டும், அதுதான் அடையாளம்.

காயும் நேரத்தில் ஒரு சின்ன வேலை

மாடு காயும் இரண்டு மூன்று நாளில் ஐசுவின் இன்னொரு பொம்மையைச் செய்து பார்க்கலாம். ஓகியாகாரி கோபோஷி என்பது கட்டைவிரல் உயரமே உள்ள, விழுந்தால் தானே எழும் பொம்மை. ஐசு வகாமட்சு நகரில் ஜனவரி 10 அன்று நடக்கும் ஆண்டின் முதல் சந்தையில் இதை விற்பார்கள். வாங்குபவர்கள் பல பொம்மைகளை மொத்தமாக உருட்டிவிட்டு, எழுந்து நிற்பவற்றைத்தான் எடுப்பார்கள். வீட்டில் எத்தனை பேரோ அதைவிட ஒன்று கூடுதலாக வாங்குவது வழக்கம். குடும்பம் பெருகட்டும், செல்வம் கூடட்டும் என்ற வேண்டுதல் அந்தக் கூடுதல் பொம்மையில் இருக்கிறது. இந்த வழக்கத்தை முதன்முதலில் அறிந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஊர் மேல் தனிப் பிரியம்.

செய்முறை எளிது. நெல்லிக்காய் அளவு உருண்டையின் மேல் நான்கு அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் பிளந்து அச்சை எடுத்துவிட்டு, அடியில் உட்புறமாகக் களிமண் வில்லை ஒன்றை ஒட்டி மூடினால் முடிந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் அடிப்பாகமும் இதே தத்துவம்தான், கனமெல்லாம் கீழே.

தருமாவும் இதன் பெரிய உருவம். தகசாகியில் ஷோரின்சான் தருமா கோயிலைச் சுற்றிய உழவர்களுக்குப் பஞ்ச காலத்தில் பிழைப்பாக வந்த தொழில் அது. புருவத்தைக் கொக்கு போலவும் தாடியை ஆமை போலவும் வரைவது அந்த ஊர் முத்திரை. ஜப்பானில் கொக்கும் ஆமையும் நீண்ட ஆயுளின் சின்னங்கள். வேண்டுதலோடு ஒரு கண்ணை வரைவார்கள், நிறைவேறியதும் மறு கண். அந்தத் தருமா வேறு யாருமல்ல, போதிதருமர். தென்னிந்திய அரசகுமாரராகச் சீன மரபு சொல்லும் அவரைக் காஞ்சிபுரத்தோடு சேர்த்து நாம் பேசுகிறோம். கை கால் தெரியாமல் சிவப்புப் போர்வைக்குள் அமர்ந்திருக்கும் அந்தப் பொம்மை, தியானத்தில் இருக்கும் அவரேதான்.

கீறி எடுத்தல்

கைதேர்ந்தவர்கள் ஒரு கீறலில் அச்சை வெளியே எடுத்துவிடுவார்கள். நமக்கு அகாபெகோவின் கால்கள் சிக்கல் தரும். அதனால் உடலின் பாதி உயரத்தில் படுக்கைவாட்டில் சுற்றிலும் கீறுங்கள். மேல் பாதி மூடி போலக் கழன்றுவிடும். கீழ்ப் பாதியைக் கால்களோடு மெல்லக் கீழ்நோக்கி உருவலாம். கீறும் முன் கோட்டின் குறுக்கே நான்கைந்து இடத்தில் பென்சிலால் சின்னக் குறி போட்டு வைத்தால், பிறகு பொருத்தும்போது குறியோடு குறி சேர்த்துவிடலாம். தலையை நெற்றியிலிருந்து தாடை வரை நடுவாகப் பிளந்து எடுங்கள்.

மூடுவதற்கு முன் உடலின் முன்புறத்தில் கழுத்துக்கான துளையை வெட்டுங்கள். கழுத்தைவிடச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். வண்ணமும் வெள்ளைப் பூச்சும் ஏறியதும் இந்த இடைவெளி குறைந்துவிடும், ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். பிறகு பாதிகளை ஃபெவிகால் வைத்துச் சேர்த்து, இணைப்பின் மேல் மெல்லிய காகிதத்தை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். தலையின் கழுத்து முனையை மட்டும் மூடாமல் திறந்தே விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பூச்சு

அங்கே இதற்குப் பெயர் கோஃபுன். சிப்பி ஓடுகளை வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு, அரைத்து, நிகாவா என்ற விலங்குப் பசையோடு குழைப்பது. நிகாவா நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொன்ன அதே பொருள்தான். சிப்பித் தூள் வேதியியலில் கால்சியம் கார்பனேட், சாக்குப் பொடியும் அதுவே. ஆகவே சாக்குப் பொடி இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தயிர் பதம் வரத் தண்ணீர் என்று கலந்துகொள்ளுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டாம். அது சுட்டு நீற்றியது, காரமானது, கையையும் வண்ணத்தையும் கெடுக்கும்.

மெல்லியதாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிட்டு அடுத்தது. ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் பாளம் பாளமாக வெடிக்கும். தலைக்கு இரண்டு பூச்சு போதும். காரணம் உங்களுக்கே தெரியும்.

வண்ணம்

சிவப்பு இரண்டு முறை. அது சும்மா அழகுக்காக வந்த நிறம் அல்ல. பழைய ஜப்பானில் பெரியம்மை குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலத்தில், சிவப்பு அந்த நோயைத் தள்ளி நிறுத்தும் என்று நம்பினார்கள். நோய் கண்ட குழந்தைக்குச் சிவப்புப் பொம்மைகளையும் சிவப்பில் அச்சிட்ட படங்களையும் கொடுத்தார்கள். அகாபெகோ வைத்திருந்த பிள்ளைகளுக்கு நோய் வரவில்லை என்ற பேச்சு பரவியது. மாட்டின் விலாவில் இருக்கும் பெரிய கறுப்புப் பொட்டுகள் அம்மைத் தழும்புகள் என்கிறார்கள், குழந்தைக்கு வரவேண்டியதை மாடு தன் மேல் வாங்கிக்கொண்டதாம். இதை அறிந்த பிறகு அந்தப் பொட்டை அவசரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, ஒரே சுற்றில், மூச்சை அடக்கி வரையுங்கள். காய்ந்ததும் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. கண்ணுக்கு வெள்ளை, நடுவில் கறுப்பு. கழுத்துத் துளையின் உள்விளிம்பிலும் சிவப்பு பூச மறக்க வேண்டாம், தலை ஆடும்போது அந்த இடம் தெரியும்.

கழுத்து

இனிதான் முக்கியமான வேலை. வண்ணம் முழுவதும் காய்ந்த பிறகே இதைத் தொடங்குங்கள், வண்ணத்துக்கும் எடை உண்டு.

கழுத்து துளைக்குள் நுழைந்து, ஒரு நூலில் தொங்குகிறது. வெளியே முகம், உள்ளே எதிர் எடை. பழைய துலாக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கயிற்றிலிருந்து தள்ளிப் போகப்போக இலேசான பொருள்கூடக் கனமாக இழுக்கும். முகம் 10 கிராம், அதன் நடு நூலிலிருந்து 4 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், பெருக்கல் 40. உள்ளே எடைக்கு 2 செ.மீ.தான் இடம் இருக்கிறது, அப்படியானால் 20 கிராம் வேண்டும். உங்கள் தலையின் அளவை வைத்து இப்படிக் கணக்குப் போட்டுத் தொடங்குங்கள்.

நட்டை எம்-சீலில் பொதிந்து கழுத்து முனைக்குள் திணியுங்கள், ஆனால் இறுக்கிவிடாதீர்கள். கழுத்தைச் சுற்றி நூலை ஒரு கண்ணி போலப் போட்டுத் தூக்குங்கள். முன்னும் பின்னும் நகர்த்தி, முகம் சற்றே கீழ்நோக்கிச் சமநிலையில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறியுங்கள். அந்த இடத்தில், கழுத்தின் மேல்தோலில், ஊசியால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை போட்டு நூலைக் கோத்துக் கட்டுங்கள். எடையைக் கழுத்தின் அடிப்பக்கம் படியும்படி ஒட்டவைத்து எம்-சீலை இறுக விடுங்கள்.

தொங்கும் புள்ளி மேலேயும், மொத்த எடையின் மையம் அதற்குச் சற்றுக் கீழேயும் இருக்க வேண்டும். இந்த 'சற்று' என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மையம் மிகவும் கீழே போனால் தலை படபடவென்று ஆடி உடனே நின்றுவிடும். புள்ளிக்கு மிக அருகில் வந்தால் அசைவு அழகாக மெதுவாகும், ஆனால் தலை எங்கே விட்டாலும் அங்கேயே கோணலாக நின்றுகொள்ளும். இரண்டுக்கும் நடுவே, நீங்கள் ஒரு முறை மூச்சு விடுவதற்குள் ஒரு தலையசைப்பு முடிகிற மாதிரி வந்தால் அது நல்ல மாடு. எம்-சீல் இறுகும் முன் எடையை ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே தள்ளிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

உடலில் துளையின் மேல் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், பிடரியில், இரண்டு ஊசித் துளைகள் போடுங்கள். நூலின் இரு முனைகளையும் உள்ளிருந்து வெளியே எடுத்து, கழுத்து துளையின் நடுவில் எங்கும் தொடாமல் தொங்கும் உயரத்தில் பிடித்து, முடிச்சுப் போடுங்கள். உள்ளே தொங்கும் நூல் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும். நீளம் கூடினால் தலை ஊஞ்சல் போல அலைந்து விளிம்பில் இடிக்கும்.

தலை ஒரு பக்கம் இடித்தால் உப்புத்தாளைச் சுருட்டித் துளையின் அந்த ஓரத்தை மட்டும் தேய்த்துவிடுங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் எடை அதிகம். முகம் தரையைத் தொட்டால் எடை போதவில்லை, கழுத்துக்குள் இன்னும் கொஞ்சம் எம்-சீல் வையுங்கள். நூலை மாற்றிக் கட்டுவதைவிட எடையைத் திருத்துவது எளிது.

முடிச்சு பிடரியின் வெளிப்பக்கமே இருக்கட்டும். ஒரு சொட்டுச் சிவப்பு வண்ணம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. சில வருடங்களில் நூல் தளர்ந்து தலை தாழும்போது, அந்த இடத்தைக் கீறி, பழைய நூலின் முனையில் புது நூலைக் கட்டி உள்ளே இழுத்துக்கொள்ளலாம், உடலைத் திறக்கவே வேண்டியதில்லை.